மே மாதத்தில் மாடியறையில் சால்டரிங்: காற்றை எங்கே வைப்பது

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் அறை இருக்கிறது. ஈயத்தை உருக்கிப் பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் சால்டரிங் உட்பட என் சர்வீஸ் வேலையெல்லாம் அங்கேதான். எல்.இ.டி. பல்பு, எமர்ஜென்சி விளக்கு, பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், கொசு பேட் என்று தெருவில் எது பழுதானாலும் மாடிப்படி ஏறி வந்துவிடும். பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய், கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல், தலைக்கு மேலே ஷீட். ஏப்ரல் தொடங்கி ஜூன் முடிய இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்வதற்கு ஒரு முறை வேண்டும். நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் இதேபோல் மாடியறையில் உட்கார்ந்து போர்டு நோண்டுகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

வெயில், கொசு, சால்டரிங் புகை மூன்றையும் தனித்தனியாகச் சமாளிக்கப் பார்த்தால் ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கெடுக்கும். ஃபேனை வேகமாக முகத்துக்கு நேரே வைத்தால் சால்டரிங் அயர்னின் நுனியான பிட் சூடு இறங்கி, ஈயம் சரியாக ஓடாமல் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத இணைப்பு, ஆகிவிடும். ஃபேனை நிறுத்தினால் புகை மூக்கில் ஏறும், கொசு காலைப் பிடுங்கும். ஜன்னலைச் சாத்தினால் கொசு குறையும், ஆனால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது காற்று ஒன்றுதான். அது எங்கிருந்து வந்து எதைத் தொட்டு எங்கே போகிறது என்பதை முதலில் சரிசெய்தால் மற்றதெல்லாம் பாதி முடிந்த மாதிரி.

காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்

ஜன்னல் கம்பியில் பழைய ஆடியோ கேசட் டேப்பில் ஒரு சாண் நீளம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மிக லேசான காற்றுக்கும் அது ஆடும். காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று. பிறகு, பெரும்பாலும் மதியத்தையொட்டி, டேப் துண்டு திசை மாறி கிழக்கிலிருந்து ஆடத் தொடங்கும். அதுதான் கடல் காற்று. வட சென்னையில் கரையையொட்டி இருப்பவர்களுக்கு இது பெரிய கொடை. மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் கடல் காற்று உள்ளே வரத் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அனல் ஏறுவது அந்த நாட்களில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னைக்கு அதுதான் உச்சம். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஜூன் முதல் வாரங்களும் இங்கே சுடும்.

ஈரச் சாக்கை ஜன்னலில் தொங்கவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மேற்குக் காற்று வறண்டு வீசும் வரை அது நன்றாக வேலை செய்யும். கடல் காற்று வந்த பிறகு காற்றிலேயே ஈரம் நிறைந்துவிடுவதால் சாக்குத் தண்ணீர் ஆவியாகாது, அறை புழுங்கத்தான் செய்யும். ஏர் கூலருக்கும் இதே கதைதான். அதனால் டேப் துண்டு திசை மாறியதும் சாக்கை எடுத்துவிடுங்கள். சாக்கு கட்டும் ஜன்னல் மேஜைக்கும் சுவிட்ச் போர்டுக்கும் எட்டி இருக்கட்டும்.

ஷீட்டின் மேலே வெள்ளை அடிப்பது செலவு குறைந்த, பலன் அதிகமான வேலை. சுண்ணாம்பானாலும் சரி, வெயிலைத் திருப்பும் கூரைப் பெயின்ட் என்று விற்பதானாலும் சரி, மார்ச் மாதத்திலேயே அடித்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டவோ துளை போடவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் விட்டு மெதுவாகத் துடைத்து, காய்ந்ததும் அடியுங்கள். உள்ளே சூடு தெரியாமல் இருக்க சிலர் தெர்மோகோல் ஒட்டுகிறார்கள். 350 டிகிரி அயர்ன் இருக்கும் அறையில் தலைக்கு மேல் தெர்மோகோல் வேண்டவே வேண்டாம்.

இரண்டு ஃபேன்

என் அறையில் சீலிங் ஃபேன் பகலில் ஓடாது. ஷீட்டுக்கு அடியில் தேங்கும் அனலைத் தலையில் இறக்குவதுதான் அதன் வேலையாக இருக்கும். அதற்குப் பதில் இரண்டு ஃபேன் வைத்திருக்கிறேன்.

முதலாவது ஒரு டேபிள் ஃபேன். அது மேஜை மேல் இல்லை, தரையில். மேஜைக்கு அடியில் முழங்காலுக்குக் கீழே காற்று அடிக்கும்படி வைக்கிறேன். கொசுவுக்குப் பறக்கும் பலம் குறைவு. நல்ல காற்றோட்டத்தை எதிர்த்து அதனால் இறங்க முடியாது. நம் மூச்சும் வியர்வை வாடையும்தான் அதற்கு வழிகாட்டி, ஃபேன் காற்று அதையும் கலைத்துவிடும். போர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு அடியில் காலை கவனிக்க மாட்டோம். கொசுவுக்கு வசதியான இடம் அதுதான். இடுப்புக்குக் கீழே காற்று ஓடினால் மேஜை மேல் ஈயம் ஆறாது, போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் கடுகளவு எஸ்.எம்.டி. பாகங்களும் பறக்காது, உடம்பும் கொஞ்சம் குளிரும்.

இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 120 மில்லிமீட்டர் ஃபேன். 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. இது காற்றை என்மேல் ஊதாது. வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, எனக்கு எதிர்ப்பக்கம் வைத்து, புகையை இழுத்து ஜன்னல் பக்கம் தள்ளுகிறது. பின்னால் ஓர் அட்டைப்பெட்டியைக் குழாய் மாதிரி வைத்து ஜன்னல் வரை கொண்டுபோனால் இன்னும் நல்லது. சால்டரிங் புகையில் ஈயம் இருக்கிறது என்று பலரும் பயப்படுகிறார்கள். நாம் வைக்கும் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை. அந்தப் புகை, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின் என்ற மரப்பிசின் சூடாகி வருவது. அதற்காக அது நல்லது என்று ஆகிவிடாது. தினமும் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், இருக்கிற இளைப்பு கூடலாம்.

புகையைத் தள்ளும் ஜன்னல் எப்போதும் காற்று வெளியேறும் பக்கமாக இருக்க வேண்டும். காலையில் மேற்குக் காற்று என்றால் கிழக்கு ஜன்னல். கடல் காற்று வந்ததும் மேற்கு ஜன்னல். எதிர்க்காற்றில் அந்தச் சின்ன ஃபேன் ஒன்றும் செய்ய முடியாது, புகை திரும்பி முகத்துக்கே வரும். அதனால் மேஜையைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் போட்டிருக்கிறேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டால் போதும்.

நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நுணுக்கமான சால்டரிங் எல்லாம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள். வெளிச்சம் இருக்கும், ஷீட் இன்னும் சுட்டிருக்காது, கையும் வியர்க்காது. ஆனால் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கும் விடிந்ததும் வரும் முதல் சில மணி நேரமும் சாயங்காலமும்தான் சுறுசுறுப்பு. டெங்குவைப் பரப்புவது அதுதான். காலை வேலைதானே என்று கால்களை மூடாமல் உட்காராதீர்கள்.

மதியம் அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் நான் அங்கே உட்காருவதில்லை, பொருளை உட்கார வைக்கிறேன். பழுது பார்த்த ஆம்ப்ளிஃபயரையோ எல்.இ.டி.க்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டையோ அந்தச் சூட்டில் லோடு கொடுத்து ஓடவிட்டு, அவ்வப்போது வந்து பார்க்கிறேன். பாகத்தின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கின் சூடு அறைச் சூட்டோடு கூடும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் 7805 என்ற ரெகுலேட்டர் ஐ.சி., அரை ஆம்பியர் கொடுக்கும்போது 3.5 வாட்டைச் சூடாக வெளியே விடும். அதற்குப் போட்ட ஹீட் சிங்க் ஒரு வாட்டுக்கு 15 டிகிரி ஏறவிடும் அளவு என்றால் 52 டிகிரி கூடும். ஜனவரியில் 28 டிகிரி அறையில் அது 80-இல் நிற்கும். மே மதியம் 42 டிகிரியில் 94. அந்தக் கூடுதல் சூட்டையும் தாங்குகிறதா என்று மதியத்தில் பார்த்தால்தான் கொடுத்தவர் வீட்டில் அது நிற்கும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் மாற்றும்போதும் 85 டிகிரி என்று எழுதியதை விட்டு 105 டிகிரி எழுதியதையே வாங்குங்கள். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் அந்தச் சில ரூபாய் வித்தியாசத்துக்கு முழுப் பலன் உண்டு.

லித்தியம் செல் மட்டும் இந்த மதியச் சோதனைக்கு வரக்கூடாது. அதைச் சார்ஜ் செய்ய 45 டிகிரிதான் பொதுவான மேல் எல்லை. ஷீட் அறை பூட்டிக் கிடந்தால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். எமர்ஜென்சி விளக்குகளைக் கீழ்த்தளத்தில், கண் பார்வையில் வைத்து சார்ஜ் போடுங்கள்.

ராத்திரி வேலை என்றால் இன்னொன்று. தெருவில் எல்லா ஏ.சி.யும் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 230-க்குப் பதில் 190 வந்தால், சாதாரண 25 வாட் அயர்னில் கிடைப்பது 17 வாட்தான். ஈயம் ஓடவில்லை என்று கையை அழுத்தி, போர்டின் செம்புப் பட்டையைப் பெயர்த்துவிடுவதற்கு முன்னால் மீட்டரை வைத்து லைன் வோல்டேஜைப் பாருங்கள்.

கொசு

ஆறு மணி சுமாருக்கு ஜன்னல்களை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு அந்த நேரத்தில் டீ குடிக்கக் கீழே போய்விடுகிறேன். கால்வாய்ப் பக்கமிருந்து கியூலெக்ஸ் கிளம்பும் நேரம் அது. சாக்கடைத் தண்ணீரில் வளர்வது, ராத்திரி முழுக்கக் கடிப்பது அதுதான். ஜன்னலுக்கு வலை அடித்தால் சாத்த வேண்டியதில்லை. ஆனால் மே மாதத் தூசியில் வலைக் கண்ணெல்லாம் அடைந்து காற்று நின்றுவிடும், வாரத்துக்கு ஒருமுறை கழற்றி அலசுங்கள். வெல்க்ரோ ஒட்டிய வலை இதற்கு வசதி. மேஜையைச் சுற்றிக் கொசுவலை கட்டிக்கொள்ளும் யோசனை மட்டும் வேண்டாம். பாலியஸ்டர் நூல் அயர்ன் பட்டவுடன் உருகிக் கையில் ஒட்டும்.

கொசுவத்தி என் அறைக்குள் வராது. அதன் புகை ரோசின் புகையோடு சேர்ந்தால் நெஞ்சு தாங்காது, சாம்பல் போர்டில் படியும். அதைவிடப் பெரிய காரணம், போர்டு கழுவும் ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்). அது 12 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். 40 டிகிரி அறையில் மூடி திறந்த பாட்டில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தின்னர் இன்னும் மோசம். எரியும் கொசுவத்தியோ பொறி பறக்கும் கொசு பேட்டோ அதற்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. என் அண்ணன் மகன் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான், லீவில் வந்து கூட உட்காருவான். பேட்டைக் கையில் எடுக்கும் முன் “அத்தை, பாட்டில் மூடியிருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்துவான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். பேட்டைப் பழுது பார்க்கும்போது, சுவிட்சை அணைத்த பிறகும் வலையில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்; பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவரால் வலைகளைச் சேர்த்துத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

லிக்விட் மெஷின் வைப்பதானால் காற்று உள்ளே வரும் பக்கத்தில் வையுங்கள். வெளியேறும் பக்கத்தில் வைத்தால் மருந்து தெருவுக்குப் போகும். அப்புறம் கொசு விரட்டும் கிரீம். முழங்காலுக்குக் கீழும் கழுத்துக்குப் பின்னும் தடவி, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேஜைக்கு வாருங்கள். விரலில் ஒட்டிய கிரீம், போர்டில் ஈயம் பிடிக்க வேண்டிய செம்புப் புள்ளியில் (சால்டரிங் பேடு) பட்டால் ஈயம் பிடிக்காது. டீட் என்ற ரசாயனம் உள்ள கொசு மருந்து சில பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். மீட்டர் கண்ணாடி, ரேடியோ டயல், பட்டன் எல்லாம் மங்கிப்போகும். நான் கிரீமைவிட நம்புவது பருத்திச் சாக்ஸைத்தான். வெளிர் நிறக் காட்டன் உடை, கால் வரை மூடியது, கீழே காட்டன் சாக்ஸ், ரப்பர் செருப்பு. கொசுவும் கடிக்காது, ஈயச் சொட்டு விழுந்தாலும் தோலில் படாது. பாலியஸ்டர் துணியில் ஈயம் விழுந்தால் துணியே உருகித் தோலில் ஒட்டும்.

555 என்ற டைமர் ஐ.சி.யை வைத்து அல்ட்ராசவுண்டு கொசு விரட்டி செய்யலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்யூட் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள், நல்ல பயிற்சி. கொசு போகாது. சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாம் பயனில்லை என்றே கண்டிருக்கிறார்கள்.

நம்மைப் போல் இந்த வேலை செய்பவர்கள் மாடியில் குவித்து வைக்கும் பழைய சாமான் பற்றியும் சொல்ல வேண்டும். டி.வி. பின்மூடி, ஸ்பீக்கர் கூடை, உடைந்த மிக்சி ஜார் எல்லாம் ஒரு கோடை மழைக்கே கிண்ணமாகிவிடும். ஏடிஸ் முட்டை அந்தத் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து காத்திருக்கும். மலேரியா கொசு நம் நகரத்தில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது. அதனால் சாமான்களைக் கவிழ்த்து வையுங்கள். மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கும் டிரம்மைத் துணி கட்டி மூடுங்கள். வாரம் ஒருநாள் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், ஒட்டிய முட்டை தேய்த்தால்தான் போகும்.

பழைய மரப்பெட்டி ரேடியோ, ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கி வந்தால் மூட்டைப்பூச்சி கூடவே வரும். சேஸிஸ், ஸ்பீக்கர் எல்லாம் கழற்றிவிட்டு, காலிப் பெட்டியைக் கறுப்புப் பாலிதீனில் கட்டி மே வெயிலில் பகல் முழுக்க வையுங்கள். உள்ளே 50 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் அவை பிழைக்காது. இந்த வெயிலால் நமக்குக் கிடைக்கும் ஒரு நன்மை இது.

வியர்வையும் கரண்டும்

இதை நிதானமாகப் படியுங்கள். வியர்த்த தோல் காய்ந்த தோலைவிட மிக அதிகமாகக் கரண்டை விடும். 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை நேராக டி.சி.யாக மாற்றும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை போர்டில் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். குளிர்காலத்தில் சுருக்கென்று விட்டுப்போவது, சட்டை நனைந்து வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்கும்போது உயிரையே எடுக்கலாம்.

ஆகவே கோடையில் என் விதிகள் கடுமையானவை. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின்ஸ் உள்ள எதையும் தொடுவதில்லை. காலடியில் காய்ந்த மரப்பலகை, அதன்மேல் ரப்பர் மேட். தரையில் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கும் நாளில் மெயின்ஸ் வேலை கிடையாது. எந்தப் பொருளானாலும் முதல் முறை, லைனில் தொடராக இணைத்த பல்பான சீரிஸ் லாம்ப் வழியாகத்தான் கரண்ட் கொடுப்பேன், ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். பிளக்கை எடுத்ததும் 2.2 கிலோ ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரை, இன்சுலேட் செய்த கம்பிகளோடு கெபாசிட்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே சில நொடி பிடித்து இறக்கிவிட்டு, மீட்டர் வைத்து பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரல் போகும். கரண்ட் தரைக்குக் கசிந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று அறைக்குக் கட்டாயம் போடுங்கள். ஆனால் லைனையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் அது காப்பாற்றாது, அது இருக்கிறது என்ற தைரியத்தில் கை நீட்டக் கூடாது.

போர்டுக்கும் வியர்வை ஆகாது. அதில் உப்பு இருக்கிறது. கடல் காற்று ஈரத்தோடு சேர்ந்து செம்புப் பட்டையைப் பச்சை பிடிக்க வைக்கும், நுண்ணிய சிக்னல் போகும் இடத்தில் கசிவு உண்டாக்கும். நெற்றியில் காட்டன் கர்சீப் கட்டுங்கள், பக்கத்தில் கை துடைக்க ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. போர்டை ஓரத்தில் பிடியுங்கள். வேலை முடிந்ததும் அயர்ன் அணைந்து ஆறிய பிறகு ஐ.பி.ஏ. தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். பிட்டையும் அணைக்கும் முன் புதிய ஈயம் பூசியே வையுங்கள், இல்லையென்றால் நம் காற்றில் கறுத்துப்போகும்.

உடம்பு

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடியுங்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், நடுவில் உப்புப் போட்ட நீர்மோர், கிடைத்தால் நுங்கு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, கிறுகிறுப்பு, காலில் பிடிப்பு வந்தால் அயர்னை அணைத்துவிட்டுக் கீழே நிழலுக்கு இறங்குங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும் வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி கிட்டே இருக்கிறது. மாடியில் தனியாக வேலை செய்பவர்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். அவர் மணிக்கு ஒருமுறை குரல் கொடுக்கட்டும்.

குடிக்கும் பானையும் டம்ளரும் மேஜைப் பக்கம் வேண்டாம். ஈயம் புகையில் வராவிட்டாலும் கை வழியாக வாய்க்குப் போகும். பானையை அறைக்கு வெளியே படிக்கட்டு நிழலில் வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். கை கழுவாமல் டம்ளரைத் தொடக் கூடாது, கொசு கடித்த இடத்தைச் சொறியவும் கூடாது. மேஜையில் விழுந்த ஈயத் துணுக்குகளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வாளித் தண்ணீரை ராத்திரியே கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.